சென்னை முதல் மதுரை வரை: கொழும்பில் கிடைக்காத சாப்பாடு எது?

வெள்ளவத்தை மருமகள்:

வணக்கம். அடுத்த மாதம் நான், அவர், 14 வயது மகன், மாமி நான்கு பேரும் பத்து நாளுக்கு இந்தியா போகிறோம். சென்னையில் இறங்கி, காஞ்சிபுரத்தில் கலியாணத்துக்குச் சேலை எடுத்து, மதுரையில் மீனாட்சி அம்மனைக் கும்பிட்டு, அங்கிருந்தே கட்டுநாயக்காவுக்கு பிளைட். நடுவில் நான்கைந்து நாள் காலியாக இருக்கிறது. அந்த நாட்களில் எந்த ஊருக்குப் போவதென்பதைச் சாப்பாட்டை வைத்தே முடிவு பண்ணலாம் என்று மகன் சொல்கிறான், எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது.

போன முறை போனபோது எட்டு நாளும் இட்லி, வடை, நெய் தோசை, திரும்பவும் இட்லி. ருசியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வந்து இறங்கிய மறுநாள் காலி வீதியில் ஒரு சைவக்கடையில் உட்கார்ந்து தோசை சாப்பிடும்போது மகன், "அம்மா, இதுக்குத்தானா பிளைட் ஏறிப் போனோம்?" என்று கேட்டான். அப்போது அவன் சின்னப் பிள்ளை. அந்தக் கேள்வி இன்னும் என் தலைக்குள் இருக்கிறது.

மாமி சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டா. மகன் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான். அவருக்கு உறைப்பு வேண்டும், இந்தியச் சாப்பாடு உறைக்காது என்பது அவருடைய பல வருட முறைப்பாடு. பெரிய ஹோட்டல்களின் பெயர் வேண்டாம். என்ன சாப்பாடு, எந்த ஊர், எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னால் போதும். கேரளா, பெங்களூர் பக்கம் போய் வந்தவர்களும் எழுதுங்கள், அடுத்த முறைக்கு உதவும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

தங்கச்சி, மகன் கேட்டது நியாயமான கேள்வி. நகரத்துப் பெரிய சைவ ஹோட்டல்களின் சாப்பாடு எந்த ஊருக்கும் சொந்தமில்லாத சாப்பாடு, அதே சாம்பாறு சிங்கப்பூரிலும் கிடைக்கும் டொரொண்டோவிலும் கிடைக்கும். நான் போகும்போது செய்கிற வேலை வேறு. நமக்குப் பெயர் தெரிந்த சாப்பாட்டையே அங்கே தேடுவேன். பெயர் ஒன்றாக இருக்கும், இலையில் வந்து விழுவது வேறாக இருக்கும்.

சொதியை எடுங்கள். என் அப்பப்பா திருநெல்வேலிக்காரர், போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வரைக்கும் வந்து, அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுத வந்தவர். அம்மம்மா யாழ்ப்பாணம். ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு சொதி இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சண்டையும் இருந்தது. அம்மம்மாவின் சொதி உங்களுக்குத் தெரிந்ததுதான்: வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பால், இறக்கி வைத்துத் தேசிக்காய் பிழிந்து இடியப்பத்துக்கு மேலே ஊற்றுவது. அதைப் பார்த்தால் அப்பப்பா, "இது சொதியா, சொதி வைத்த சட்டியைக் கழுவின தண்ணியா?" என்பார்.

திருநெல்வேலிச் சொதி சோற்றுக்கு. பாசிப்பருப்பு, அதுதான் நம்முடைய பயற்றம்பருப்பு, அதைக் குழைய அவித்து, கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாம் மூன்றாம் பாலில் வேகவிட்டு, பிறகு இரண்டாம் பால், கடைசியில் தலைப்பாலை விட்டுக் கொதிக்க விடாமல் இறக்குவார்கள். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்த்திருப்பார்கள், மிளகாய்த்தூள் கிடையாது. பக்கத்தில் இஞ்சிப் பச்சடி கட்டாயம் இருக்கும், அவ்வளவு தேங்காய்ப்பால் செமிக்க வேண்டுமே. இன்னொரு பக்கம் உருளைக்கிழங்குப் பொரியல். கலியாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்த விருந்துதான், அதனால் மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். கடையில் எல்லா நாளும் கிடைக்காது, சில சைவக் கடைகளில் ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் போடுவார்கள். தங்கும் இடத்தில் விசாரியுங்கள், தெரிந்த வீடு இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். சைவச் சாப்பாட்டில் இதைவிடப் பெரிய விருந்தை நான் இன்னும் காணவில்லை, மாமிக்கு இதை வாங்கிக் கொடுத்தால் உங்களுக்கு ஒரு வருடத்துக்கு வீட்டில் பிரச்சினை இருக்காது.

அங்கே போனால் அல்வாவை நான் சொல்லவா வேண்டும்? சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சீனியும் நெய்யும் விட்டு மணிக்கணக்கில் கிண்டுவது. நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருட்டுக்கடை பின்னேரத்தில்தான் திறக்கும், கொஞ்ச நேரத்தில் தீர்ந்தும் விடும். வரிசையில் நிற்க மனமில்லாவிட்டால் ஊரிலே வேறு நல்ல கடைகளும் இருக்கின்றன. ஆனால் சுடச்சுட, இலையில் வைத்து, அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். பெட்டியில் கட்டி வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து சாப்பிடுவது வேறு பண்டம். இன்னொன்று, தூத்துக்குடி மாவட்டத்தில் முதலூர் என்று ஒரு ஊர், அங்கே நெய்க்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டுகிற அல்வா ஒன்று இருக்கிறது. பெயர் மஸ்கோத் அல்வா. நம்முடைய மஸ்கட் இனிப்பை நினைத்துக்கொண்டு ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள்.

மதுரையிலிருந்து திருநெல்வேலி மூன்று மணித்தியாலம். ஒரு இரவு தங்கிவிட்டு மதுரைக்கே திரும்பலாம்.

பசித்த பட்டதாரி:

அக்கா, நான் பெங்களூரில் நான்கு வருடம் படித்தவன், விடுமுறைக்கெல்லாம் வீட்டுக்கு வராமல் ரயிலில் ஊர் சுற்றினவன். சென்னைப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

காஞ்சிபுரம் போகிறீர்கள்தானே, சேலைக்கடைக்கு முன்னால் வரதராஜப் பெருமாள் கோவிலுக்குப் போங்கள். அங்கே நைவேத்தியத்துக்குச் செய்கிற கோவில் இட்லி, குடலை இட்லி என்றும் சொல்வார்கள், நாம் இட்லி என்று நினைத்துக்கொண்டிருக்கும் எதற்கும் சம்பந்தமில்லாதது. மூங்கில் கூடைக்குள் மந்தாரை இலையைப் பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் போட்ட மாவை ஊற்றி மணிக்கணக்கில் அவிப்பார்கள். நீளமாக, ஒரு அடுக்குமொழிப் பேச்சாளர் மாதிரி கம்பீரமாக இருக்கும், வெட்டிக் கொடுப்பார்கள். உளுந்தும் அரிசியும் கொரகொரவென்று, இலையின் வாசம் ஏறி, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமலே போகும். வெங்காயம்கூட இல்லை, மாமிக்கு நூற்றுக்கு நூறு. ஊர் ஹோட்டல்களில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று சின்னக் கிண்ணத்தில் அவித்துத் தருவது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

சென்னைக்குள்ளே இரண்டு சாப்பாடு. வெயிலில் போகும்போது தள்ளுவண்டியில் கூழ் என்று எழுதியிருக்கும். நம் ஒடியல் கூழ், நண்டு, இறால், மீன்தலை எல்லாம் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது கேழ்வரகுக் கூழ், அதாவது குரக்கன், மோர் விட்டுக் கரைத்தது, கடிக்கச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு. கருவாடும் வைத்திருப்பார்கள், மாமியை மற்றப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பின்னேரத்தில் பாரிமுனைப் பக்கம், கடற்கரை ரயில் நிலையத்துக்குக் கிட்ட, அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், முட்டைக்கோவா, வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்து நொறுக்கின தட்டை எல்லாம் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். உங்கள் மகனுக்கு இது பிடிக்காவிட்டால் நான் இந்தப் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

அண்ணாவின் உறைப்புப் பிரச்சினைக்கு மருந்து ஆந்திரா மெஸ். சென்னையிலும் இருக்கிறது, பெங்களூரில் தெருவுக்குத் தெரு. சுடுசோற்றில் பருப்புப்பொடியும் நெய்யும், அதன் பிறகு கோங்குரா, அது நம் புளிச்சைக்கீரை, அதன் பிறகு ஆவக்காய் ஊறுகாய். நானும் பெரிய உறைப்புக்காரன் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் நாள் போய் உட்கார்ந்தேன். மோர் மூன்று கிளாஸ் குடித்தேன், பக்கத்து மேசை ஆள் நான்காவதை அவராகவே தள்ளி வைத்தார்.

பெங்களூர் போனால் சாம்பாறு இனிக்கும், சர்க்கரை போடுவார்கள், அதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள். ரவா இட்லி அந்த ஊர்ச் சரக்கு, இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அரிசி தட்டுப்பட்டபோது ரவையை வைத்து உண்டானது. மங்களூர்ப் பக்கம் நீர் தோசை, புளிக்கவைக்காத அரிசிமா, கைலேஞ்சி மாதிரி மெல்லியது, கோழிக்கறியோடு. ராகி முத்தே என்று ஒரு உருண்டை தருவார்கள், அதுவும் குரக்கன்தான், மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். எனக்கு நான்கு வருடத்தில் பழகவில்லை.

சும்மா ஒரு ஆள்:

எல்லோரும் இப்படிப் புகழ்கிறீர்கள். நான் ஆறு முறை போயிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாள் எனக்கு ஒரு பாண், கட்டைச் சம்பல், பருப்பு கிடைத்தால் போதும் என்று ஆகிவிடும். ஆப்பம் என்று தருவார்கள், நம் அப்பம் மாதிரி ஓரம் மொறுமொறுப்பாக இருக்காது. இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும். பிட்டைக் குழலில் அவித்து வாழைப்பழத்தோடு பிசையச் சொல்வார்கள், நான் என்ன குழந்தையா? கொத்து அங்கே போட்டாலும் நம் கொத்துச் சத்தம் வராது. இதற்குத்தானா விசா எடுத்துப் போவது?

கொட்டாஞ்சேனைக்காரன்:

தம்பி, அப்பத்தைத் தேடி அங்கே போனால் உங்களுக்கு ஏமாற்றம்தான். அவர்கள் ஆப்பம் நடுவில் பஞ்சு, ஓரத்தில் சல்லடை, அதை இஷ்டு என்கிற தேங்காய்ப்பால் குழம்பில் ஊறவிட்டுச் சாப்பிடுவதற்கு. மொறுமொறுவென்று இருந்தால் ஊறாது. கேரளத்துப் புட்டும் அப்படித்தான், நீத்துப்பெட்டியில் அவிக்கிற நம் பிட்டு உதிர்ந்து விழும், அதற்குச் சொதியும் கறியும் போதும், அவர்கள் புட்டு குழலில் இறுகி வரும், கறுப்புக் கடலைக் கறியை ஊற்றினால்தான் இளகும். ஒருமுறை கடலைக் கறியோடு சாப்பிட்டுவிட்டு வந்து பிறகு ஏசுங்கள். ஆனால் பாண் விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.

தெமட்டகொட ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும். புரியாணியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே, அதனால் நான் வந்தேன்.

தங்கச்சி, நம்மட ஊர்ப் புரியாணி பாஸ்மதி, அதில் ஒரு அவித்த முட்டை, ஒரு பெரிய கோழித்துண்டு. தமிழ்நாட்டில் சீரகச் சம்பாவில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். நம் கீரிச் சம்பா மாதிரி பொடி அரிசி, ஆனால் வாசம் வேறு, இறைச்சியின் சாறு ஒவ்வொரு பருக்கைக்குள்ளும் ஏறியிருக்கும். ஆம்பூர்ப் புரியாணிக்குக் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துப் போடுவார்கள், தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்தரிக்காய். திண்டுக்கல் புரியாணியில் இறைச்சித் துண்டு சின்னது, மிளகின் உறைப்பு. உங்கட பயணத்தில் திண்டுக்கல் மதுரைக்குப் பக்கத்திலேதான் வரும். பன்னிரண்டரைக்கு முதல் தம் உடைத்த சட்டியிலிருந்து வாங்கினால் நல்லது, இரண்டு மணிக்குப் போனால் அடியில் கிடந்ததுதான்.

இனி எங்கட ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம். இராமேஸ்வரம் போகிற யோசனை மாமிக்கு இருந்தால், இராமநாதபுரத்திலிருந்து கொஞ்சம் தெற்கே கீழக்கரை. அங்கே தொதல் கிடைக்கும். ஆம், அதே தொதல், அதே பெயர். அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி, எண்ணெய் கக்கும் வரைக்கும் கிண்டினது. நம்மட தொதலுக்குக் கித்துள் வாசம், அதற்குப் பனை வாசம், அவ்வளவுதான். வட்டலப்பமும் அந்தக் கரையோர ஊர்களில் செய்வார்கள், காயல்பட்டினத்திலும் சாப்பிட்டிருக்கிறேன், ஆனால் வீட்டில்தான், பெருநாளுக்கும் கலியாணத்துக்கும். எங்கட உம்மம்மா கீழக்கரையிலிருந்து வந்த சொந்தக்காரரைப் பார்த்தால் முதலில் சுகம் விசாரிக்க மாட்டா, தொதல் பொதியைத்தான் கேட்பா.

மதுரையில் ஜிகர்தண்டா குடியுங்கள். நம்மட பலூடாவை நினைத்தால் கிட்டத்தட்ட விளங்கும். காய்ச்சிக் குறுக்கின பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். கசகசா இல்லை.

பசித்த பட்டதாரி:

ராத்தா, பல கடைகளில் கடற்பாசிக்குப் பதிலாக பாதாம் பிசின்தான். இரவெல்லாம் ஊறவைத்தால் கண்ணாடித் துண்டு மாதிரி உப்பி வரும். கொழகொழவென்று இருக்கும், தெரியாமல் குடித்த என் நண்பன் ஒருத்தன் கெட்டுப் போய்விட்டது என்று நினைத்துத் துப்பிவிட்டான்.

தெமட்டகொட ராத்தா:

கடைக்குக் கடை மாறும் தம்பி. நான் குடித்தது கடற்பாசி.

வெள்ளவத்தை மருமகள்:

எல்லோருக்கும் மிச்சம் நன்றி. மகன் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறான், அத்தோவுக்குக் கீழே இரண்டு கோடு. அவர் ஆந்திரா மெஸ்ஸை மட்டும் வாசித்துவிட்டு "பார்ப்போம்" என்றார்.

ஒரு கேள்வி. மதுரையில் மாமியோடு எப்படிச் சமாளிப்பது? போன முறை ஒரு சின்னக் கடையில் மாமி வழக்கம் போல, "தம்பி, சோத்துக்கு என்ன கறி இருக்கு?" என்று கேட்டா. அந்தப் பையன் சந்தோஷமாக மட்டன் சுக்கா, ஈரல், குடல், தலைக்கறி என்று ஒரே மூச்சில் சொன்னான். மாமி எழும்பி வெளியே போய்விட்டா. அன்றைக்கு முழுக்க வாழைப்பழம்தான்.

அத்துடன் காரைக்குடி போகலாமா? செட்டிநாடு என்று கொழும்பிலேயே பத்து போர்டு இருக்கிறது, அதனால் யோசிக்கிறேன்.

செட்டியார் தெரு கணக்கர்:

வணக்கம் அக்கா. நான் இங்கே நகைக்கடை ஒன்றில் வேலை, வருடத்துக்கு இரண்டு முறையாவது காரைக்குடிப் பக்கம் போக வேண்டி வரும். முதலில் கறி விஷயம். அங்கே கறி என்றால் இறைச்சி, அதுவும் பெரும்பாலும் ஆட்டிறைச்சி. மரக்கறி என்று கேட்டால் சில இடத்தில் விளங்கும், சில இடத்தில் மரத்தைப் பார்ப்பார்கள். 'சைவச் சாப்பாடு' என்றோ 'வெஜ் மீல்ஸ்' என்றோ கேட்கச் சொல்லுங்கள், காய்க்குப் பொரியல், கூட்டு என்று பெயர். இதேபோல கடலை என்றால் அங்கே நம் கச்சான், சென்னையில் சர்க்கரை என்றால் சீனி, நம் சர்க்கரை அவர்களுக்கு வெல்லம். உறைப்பு என்று சொன்னாலும் விளங்கும், காரம் என்றால் உடனே விளங்கும்.

காரைக்குடிக்குக் கட்டாயம் போங்கள். கொழும்பில் செட்டிநாடு என்று போர்டு போட்டுத் தருவது எல்லாவற்றிலும் மிளகை அள்ளிப் போட்ட கோழிக் குழம்பு. நான் வேலை செய்கிற தெருவின் பெயரே அந்த ஊர் ஆட்களால் வந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இங்கே வட்டிக்கடையும் வியாபாரமும் நடத்தினார்கள், கதிரேசன் கோவில்களைக் கட்டினார்கள், ஆடிவேல் திருவிழா அவர்கள் வைத்துப் போனதுதான். இதே ஆட்கள் பர்மாவுக்கும் போனார்கள். அங்கிருந்து வந்ததுதான் கவுனி அரிசி. கறுப்பாக, ஒட்டுகிற அரிசி, இரவு ஊறவைத்து அவித்து, சீனி, நெய், தேங்காய்ப்பூ போட்டுக் கிளறித் தருவார்கள், அவியும்போது ஊதா நிறமாக மாறும். தேங்காய்ப்பூ என்று நான் சொல்வது துருவின தேங்காய், அங்கே தெருவில் தேங்காய்ப்பூ என்று விற்பது முளைத்த தேங்காய்க்குள் இருக்கும் பஞ்சு, அதையும் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள்.

பணியாரம் என்றால் நமக்குப் பயற்றம் பணியாரம் தொடக்கம் எல்லாப் பலகாரமும். அங்கே ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். வெள்ளைப் பணியாரம் பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் ஊற்றுவது. சிவக்கவே கூடாது, வெள்ளையாக, சுற்றிவர மெல்லிய ஓரத்தோடு எழும்பி வர வேண்டும், தொட்டுக்கொள்ளக் காய்ந்த மிளகாய்ச் சட்னி. பார்க்கச் சுலபம் மாதிரி இருக்கும். என் மனைவி வந்து வீட்டில் மூன்று முறை செய்துபார்த்தாள், மூன்று முறையும் அது எண்ணெயில் கரைந்த ஏதோ ஒன்றாகத்தான் வந்தது. பால் பணியாரம் சின்ன உருண்டை, ஏலக்காய் போட்ட இனிப்புப் பாலில் ஊறினது. கந்தரப்பம் வெல்லம் போட்டது. இதெல்லாம் காலையிலும் பின்னேரத்திலும் வீடுகளில் செய்து விற்பார்கள், கடைத்தெருவில் விசாரித்தால் வீட்டைக் காட்டுவார்கள். மாமிக்கு மண்டி என்று ஒன்று சொல்லுங்கள், அரிசி கழுவின தண்ணீரில் புளி கரைத்து வெண்டிக்காயோ மொச்சையோ போட்டு வைப்பது, புளிப்பும் உறைப்புமாகச் சோற்றுக்கு நன்றாக இருக்கும். அண்ணாவுக்கும் மகனுக்கும் மெஸ் சாப்பாடு, நண்டு, காடை, கோழி எல்லாம் வாழையிலையில். குழம்பில் ஒரு மண்வாசம் வரும், அது கல்பாசி, பாறையில் படர்கிற ஒரு வாசனைச் சரக்கு. சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரைக்கும்தான், நாலு மணிக்குப் போனால் பெஞ்சைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளையார்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது. மாமியிடம் கோவிலுக்குப் போகிறோம் என்று சொல்லியே கூட்டிப் போகலாம்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

நல்லாச் சொன்னீர்கள் தம்பி. ஒன்றைச் சேர்க்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து காரைக்குடி போகிற வழியில் கும்பகோணத்தில் ஒரு இரவு தங்கினால், இட்லிக்குக் கடப்பா என்று ஒரு குழம்பு கிடைக்கும், பயற்றம்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சோம்பும், புளி கிடையாது. சாம்பாறு பிடிக்காமல் போன மகனுக்கு நல்லது. திருவையாற்றில் அசோகா என்று பயற்றம்பருப்பில் ஒரு அல்வா. கோப்பி ஊருக்குள்ளே குடியுங்கள். நெடுஞ்சாலையில் வரிசையாக 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பித்தளைப் பாத்திரத்தை அடுக்கி வைத்திருக்கும் கடைகளை நம்பி நான் இரண்டு முறை வண்டியை நிறுத்தியிருக்கிறேன், மூன்றாம் முறை நிறுத்தவில்லை.

சும்மா ஒரு ஆள்:

சரி, நானும் உபயோகமாக ஒன்று சொல்கிறேன். மதுரையில் கறி தோசை. தடித்த தோசை, அதன் மேல் முட்டை, அதன் மேல் கொத்தின ஆட்டிறைச்சி, திருப்பிப் போட்டுச் சுடுவது. இது இங்கே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இரவு போங்கள். மாமியைப் பருத்திப்பால் வண்டிக்குக் கிட்ட நிறுத்தி வையுங்கள், பருத்திக்கொட்டையை அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சினது, அவவுக்குப் பிடிக்கும். திருநெல்வேலி போகிற வழியில் விருதுநகரில் எண்ணெயில் மூழ்கப் பொரித்த பரோட்டா, அதுவும் பரவாயில்லை.

தெமட்டகொட ராத்தா:

பார்த்தீர்களா, ஆறு முறை சும்மா போகவில்லை.

செட்டியார் தெரு கணக்கர்:

அதே வழியில் கோவில்பட்டியும் வரும். கடலை மிட்டாய் வாங்குங்கள், 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு, நம் கோவில் திருவிழாக் கச்சான் அல்வாவின் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் அந்தப் பக்கம்தான், ஆனால் அது இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், கடைசி நாள் பார்த்து வாங்குங்கள். மிட்டாய் ஒரு மாதத்துக்கு ஒன்றும் ஆகாது.

வெள்ளவத்தை மருமகள்:

சரி, இப்படி முடிவு பண்ணியிருக்கிறோம். சென்னை இரண்டு நாள், காஞ்சிபுரம், கும்பகோணம் ஒரு இரவு, காரைக்குடி இரண்டு இரவு, மதுரை, நடுவில் திருநெல்வேலி போய்த் திரும்புவது. இராமேஸ்வரத்தையும் சேர்த்தால் பத்து நாளில் அடங்காது, ராத்தா குறை நினைக்கக் கூடாது, தொதலுக்கு அடுத்த முறை. வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்தில் வருகிற மாதிரி வைத்துவிட்டேன், அன்று எல்லோருக்கும் கோவில் இட்லி.

மாமிக்கு சொதி விஷயத்தை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பருப்புப் போட்டால் அது எப்படிச் சொதி?" என்று கேட்டா. கொட்டாஞ்சேனை அண்ணா, உங்கள் அப்பப்பா இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார்?

கொட்டாஞ்சேனைக்காரன்:

அவர் சொல்லியிருக்கக் கூடியதை இங்கே எழுத முடியாது தங்கச்சி. மாமியை முதலில் இஞ்சிப் பச்சடியோடு ஒரு பிடி சாப்பிட விடுங்கள். திரும்பி வந்து எழுதுங்கள், எனக்கு ஒரு கால் கிலோ அல்வா.

பசித்த பட்டதாரி:

அது வேறு பண்டம் என்று நீங்கள்தானே அண்ணா சொன்னீர்கள்?

கொட்டாஞ்சேனைக்காரன்:

வேறு பண்டம்தான். அதையும் சாப்பிடுவேன்.